தேரை வீட்டு மூடி

எதிர்க் குடியிருப்பில் பதாகை கட்டிய நாளிலிருந்து மான்சோக்குக்குச் சோறு இறங்கவில்லை. கட்டிடத்தின் நெற்றியிலிருந்து தொங்கிய அந்தப் பெரிய துணியில், 'வாழ்த்துகள்! எங்கள் கட்டிடம் ஆபத்தானது என்று உறுதியாகிவிட்டது' என்று சிவப்பில் எழுதியிருந்தது. ஆபத்தானது என்றால் இடிப்பார்கள். இடித்தால் வானம் முட்டப் புதுக் கட்டிடம் எழும்பும், அதில் ஆளுக்கொரு புது வீடு. சியோலில் பாதிப் பேர் இந்த நம்பிக்கையில்தான் மூச்சு விடுகிறார்கள்.

"வெடிப்பு நம்ம சுவத்துலதான் அதிகம். ஆனா பேரு அவனுக்கு," என்று ஜன்னலோரம் நின்று பொருமினார் மான்சோக். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது இந்தக் குடியிருப்பை இடிக்கப் பாடுபடும் குழுவின் செயலாளர்.

மனைவி பில்நாம் மோந்துகொண்டிருந்தாள். வாசலில் செருப்பு அலமாரிக்கு மேலே இருந்த தேரை வீட்டிலிருந்து, மீன்தோல் கருகுவது போல, மறுபடியும் அந்த வாசனை வந்தது.

மின்சாரப் பெட்டிக்கு அங்கே தேரை வீடு என்று பெயர். மெயினும் சுவிட்சுகளும் அதற்குள் குந்தியிருக்கும். பிள்ளைகள் மணலில் கையைப் புதைத்து, மேலே தட்டித் தட்டி, மெல்லக் கையை உருவிக் கட்டும் குழிக்கும் அதே பெயர்தான். மணல் வீடாவது கையை உருவிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். பில்நாமின் தேரை வீடோ, சோறு பொங்கும்போது துணி துவைக்கும் இயந்திரத்தைப் போட்டாலே படக்கென்று விழுந்து மின்சாரம் போய்விடும். குளிரூட்டியைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது உறை போர்த்திக்கொண்டு கூடத்து மூலையில் விருந்தாளி போல நின்றது.

பில்நாம் என்றால் 'அடுத்தது கண்டிப்பாக ஆண்' என்று அர்த்தம். நான்காவதும் பெண்ணாகப் பிறந்த எரிச்சலில் அப்பா வைத்த பெயர். அடுத்தது ஆணாகத்தான் பிறந்தது. பெயர் வேலை செய்தது, அவளுக்குத்தான் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பள்ளியை விட்டுத் தேகு நகரத்து நூற்பாலைக்குப் போனாள். விடுதியில் எத்தனை மணிக்கு விளக்கு அணையும் என்பது மேற்பார்வைக்காரியின் கையில் இருந்தது. பிறகு சியோலுக்கு வந்தாள். மான்சோக்கின் பேருந்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவள், ஒரு நாள் இறங்காமலே இருந்துவிட்டாள். இந்த வீட்டை வாங்கிய அன்று அறை அறையாகப் போய் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தாள். மான்சோக்குக்கு அது ஏன் என்று புரியவில்லை. சொல்லவும் அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

மகள் நாரே நடுநிலைப் பள்ளியில் படிக்கும்போது, இடிக்கப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது. வாழ்க்கை அங்கேயே நின்றுவிட்டது. சுவர்த்தாள் உரிந்தது. இடிக்கிற வீட்டுக்கு எதற்கு? குழாயில் துருத்தண்ணீர் வந்தது. இடிக்கிற வீடுதானே! வண்டி நிறுத்த இடம் போதாமல், ஒருவர் வண்டியை ஒருவர் தினமும் காலையில் தள்ளி நகர்த்தினார்கள். தள்ளட்டும், இடுப்புக்கு நல்லது. நாரே வளர்ந்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணமாகிப் போனாள். வீடு மட்டும் இதோ இதோ என்று இடிந்துகொண்டே நின்றது. இது என்ன பிழைப்பு? இருக்கவும் விடாமல் போகவும் விடாமல், ஒரு கட்டிடம் மனுஷர்களைப் பிடித்து வைத்துக்கொள்ளுமா? வைத்துக்கொண்டது.

போதாக்குறைக்கு ஒவ்வொரு வீட்டு உட்கூரையிலும் ஓர் ஒலிபெருக்கி. குடியிருப்பு அலுவலகத்தில் யாராவது பேசினால் எல்லா வீட்டுத் தலைக்கு மேலும் கேட்கும். அதை அணைக்கச் சுவிட்ச் கிடையாது. வீட்டில் மின்சாரமே போனாலும் அது மட்டும் பேசும். நிறுத்தங்களை அறிவித்துப் பழகிய தொண்டை என்று அந்த வேலையை மான்சோக்கிடம் கொடுத்திருந்தார்கள். அந்தக் கோடையில் அவர் தினமும் ஒரே பாட்டைப் பாடினார். "குடியிருப்பாளர்களுக்கு வணக்கம். கட்டிடப் பரிசோதனை முடியும்வரை யாரும் எந்தப் பழுதும் பார்க்க வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறோம்."

அப்படி ஒரு நாளில்தான் நாரே தொலைபேசியில் கூப்பிட்டாள். அவளுக்கு மாதம் நெருங்கியிருந்தது.

"அம்மா, பிள்ள பொறந்ததும் அங்க வரணும்னுதான் எனக்கு ஆச. ஆனா உங்க மாப்பிள்ள பயப்படுறாரு. ஏசி போட்டா கரண்டு போவுது, போடலைன்னா பிள்ளைக்கு வேர்க்குரு. அந்தக் கருகல் வாட வேற. அவங்க அம்மா வீட்டுலயே இருந்துக்கறேனே."

"நான் பாத்துக்கறேன். நீ வா," என்றாள் பில்நாம்.

நாரே பிறந்தபோது பில்நாமின் அம்மா வரவில்லை. தம்பிக்குப் பரீட்சை. பிள்ளை பெற்றவளுக்கு ஊட்டவேண்டிய கடற்பாசிச் சூப்பைப் பில்நாம் தானே எழுந்து, அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று காய்ச்சிக் குடித்தாள். தன் மகளுக்கு அப்படி ஆகக்கூடாது, தன் கையால், தன் வீட்டில் ஊட்டவேண்டும் என்று அன்றே நினைத்தாள். அவள் வாழ்க்கையில் கேட்டதே அது ஒன்றுதான்.

கணவரிடம் சொன்னாள். அவர் எகிறிக் குதித்தார்.

"பிள்ள பெத்தவளுக்கு ஏசியா? எலும்புக்குள்ள காத்து பூந்துடும்! ஊருக்கெல்லாம் பழுது பாக்காதீங்கன்னு நான் சொல்றேன். என் வீட்டுலயே பாத்தா என் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?"

"தீப்பிடிச்சா எங்க வெச்சுக்குவீங்க?"

"தீப்பிடிக்காது. இன்னும் கொஞ்ச நாளு. இடிச்சுருவாங்க, நாரே அம்மா."

"இத சொல்லிச் சொல்லித்தான் எனக்குத் தல நரச்சுது."

மறுநாள் அவர் நண்பர்களோடு மலையேறப் போனதும், சந்தையில் மின்சாமான் கடை வைத்திருந்த பியோவை வரவழைத்தாள். மூடியைத் திறந்தவன் மூக்கைப் பொத்தினான். ஒரு சுவிட்சின் பக்கவாட்டு உருகிப் பழுப்பேறியிருந்தது. அதைத் தாங்கிய தகடும் கறுத்திருந்தது.

"இந்த ஒண்ண மட்டும் மாத்தினா இப்போதைக்கு ஓடும். ஏசிக்குத் தாங்காது. முழுசா மாத்தினா ஏசிக்குத் தனி லைன் போட்டுத் தரலாம். நீங்கதான் சொல்லணும். நான் ரெண்டுக்கும் காசு வாங்கறவன்," என்றான் பியோ.

பில்நாம் நின்றாள். ஒன்றை மாற்றினால், இந்த வீடு சீக்கிரம் இடிந்துவிடும் என்று அர்த்தம். முழுதாக மாற்றினால், இடியாது, இதற்குள்ளேயேதான் கிழவியாகப் போகிறேன் என்று தன் வாயால் ஒத்துக்கொண்டதாக அர்த்தம். அவளுக்கு அழுகை முட்டியது. பியோ கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"முழுசா மாத்துங்க. ஆனா இந்தப் பழைய மூடியையே மேல போடமுடியுமா?"

"இந்தக் கருகின மூடியையா? எதுக்கும்மா?"

"என் வீட்டுக்காரரு செயலாளர்."

பியோவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு இறங்கிப் போனவன், புதுச் சாமான்களைக் கிம்ச்சி ஊறுகாய் டப்பாவுக்குள் போட்டு, மேலே முட்டைக்கோஸ் இலையைப் பரப்பிக்கொண்டு வந்தான். மின்தூக்கியில் பக்கத்து வீட்டு ஹ்வாசுன் நின்றிருந்தாளாம். "யாரு வீட்டுக் கிம்ச்சி?" என்று கேட்டாளாம். "ரொம்பப் புளிச்சது," என்றானாம் பியோ.

மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. உள்ளே எல்லாம் வெள்ளை வெளேரென்று மின்னியது. மேலே கருகல் மூடி.

அதற்குப் பிறகு பில்நாம் பட்டபாடுதான் பெரும் பாடு. மின்சாரம் போகவே இல்லை! போகாவிட்டால் மான்சோக்குக்குச் சந்தேகம் வரும். அதனால் சோறு பொங்கும்போது அவளே துவைக்கும் இயந்திரத்தைப் போட்டு, அவளே பூனை போல நடந்து போய் மெயினை இறக்கிவிட்டு, "ஐயோ, மறுபடியும் போச்சு!" என்று கத்தினாள். அவர் எழுந்து வருமுன் அவளே ஏற்றியும் விட்டாள். மான்சோக் முகத்தில் ஒரு நிறைவு வரும். "பாத்தியா, நம்ம வீடு ஒண்ணு போதும்," என்பார். எது போதும் என்று அவளுக்கு அப்போது புரியவில்லை.

கூரைதான் அதைச் சொன்னது. கூடத்தில் உட்கார்ந்து குழந்தைத் துணி மடித்துக்கொண்டிருந்தபோது மான்சோக்கின் குரல் மேலிருந்து இறங்கியது. "வணக்கம். நாளை பரிசோதகர்கள் வருகிறார்கள். மாதிரி வீடாகச் செயலாளரின் வீடு தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறோம்."

அவள் கையிலிருந்த துணி நழுவியது. பியோவைக் கூப்பிட்டாள்.

"பழசு இன்னும் இருக்கா?"

"வண்டியிலதாம்மா கெடக்கு. திரும்ப மாட்டணுமா? இப்பவே வரேன்."

தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு அவள் தேரை வீட்டையே பார்த்தாள். மாட்டினால் கணவர் மானம் தப்பும். மகள் வரமாட்டாள்.

"வேணாம். தூக்கிப் போட்டுடுங்க," என்றாள்.

மறுநாள் மான்சோக் பேருந்து ஓட்டிய காலத்து வெள்ளைக் கையுறையைப் போட்டுக்கொண்டு நின்றார். காலையிலிருந்து அவள் மூன்று தடவை உண்மையைச் சொல்ல வாய் திறந்தாள். ஒவ்வொரு தடவையும் அந்தக் கையுறையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். பாவம், மனுஷன் மாப்பிள்ளை போல இருந்தார்.

தலைக்கவசம் போட்ட பரிசோதகர்கள் வந்தார்கள். பின்னாலேயே குழுவினர், வாசலில் ஹ்வாசுன் தலைமையில் பெண்கள். வெடிப்பைக் காட்டினார், துருத்தண்ணீரைக் காட்டினார். கடைசியில் செருப்பு அலமாரிப் பக்கம் கையை நீட்டினார் மான்சோக்.

"இதுதான் எங்க தேரை வீடு. கொஞ்சம் மோந்து பாருங்க. இதுக்குக் கீழதான் நாங்க உயிரக் கையில பிடிச்சிட்டு வாழறோம்!"

மூடியைத் திறந்தார்.

உள்ளே எல்லாம் வெள்ளை வெளேரென்று மின்னியது. இளம் பரிசோதகன் ஒருவன் மட்டும், சொன்னதற்காக எட்டி மோந்து பார்த்தான். "புது பிளாஸ்டிக் வாடைதான் வருது ஐயா. நல்லா போட்டிருக்காங்க. எந்தக் கடை?" என்றான்.

மான்சோக் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. நிறுத்தத்தில் காத்து நின்றும் பேருந்து ஏற்றாமல் போய்விட்ட ஆளைப் போல ஒரு முகம். மெல்லக் கையுறையைக் கழற்றினார்.

பழுது பார்த்து வாழத் தகுந்த கட்டிடம் என்று முடிவு வந்தது. கட்டிடம் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்ததும் குடியிருப்பே எழவு வீடானது. ஒரு தேரை வீட்டை மாற்றியதாலா இத்தனை பெரிய கட்டிடம் நிமிர்ந்து நின்றுவிட்டது? யாரும் அப்படிக் கேட்கவில்லை. பழி போட ஓர் ஆள் கிடைத்தாயிற்று, போதாதா? மின்தூக்கியில் பில்நாம் ஏறினால் பேச்சு நின்றது. மான்சோக் வீட்டில் வாய் திறப்பதை விட்டார். செயலாளர் பதவி மட்டும் போகவில்லை. அறிவிப்பு வாசிக்க அப்படி ஒரு தொண்டை வேறு யாருக்கும் இல்லை.

நாரே குழந்தையோடு வந்தாள். குளிரூட்டியின் உறையைப் பில்நாம் கழற்றினாள். வீடு குளிர்ந்தது. சோறு பொங்கியது, துவைக்கும் இயந்திரம் சுற்றியது, எதுவும் விழவில்லை. கடற்பாசிச் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி மகள் வாய்க்குக் கொண்டுபோனாள் பில்நாம்.

"சூடா இருக்கும்மா," என்றாள் நாரே.

"ஊதிக் குடி. கிண்ணத்தத் தரமாட்டேன், நானே ஊட்டறேன்."

சாயங்காலம் ஹ்வாசுன் கதவைத் தட்டினாள். முடிவு வந்த நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசாதவள். உள்ளே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, குசுகுசுத்தாள்.

"அக்கா, உங்கமேல எனக்குக் கோவம் தீரல. சொல்லிட்டேன்."

"சரி."

"அந்தக் கிம்ச்சிக்காரன் நம்பரக் குடுங்க. எங்க வீட்டுலயும் மீன் வாட வருது." கொஞ்சம் தயங்கினாள். "மூடி மட்டும் பழசே இருக்கட்டும்னு சொல்லிடுங்க."

பில்நாம் கொடுத்தாள். ஹ்வாசுன் போனதும் குழந்தையை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். இந்த வீடு இனி இடியாது. தன் காலத்தில் இடியாது. அது தெரிந்து நெஞ்சு அடைத்தது. அப்படி அடைத்த நெஞ்சின் மேலேயே குழந்தை தூங்கியது.

கூரை கரகரத்தது.

"வணக்கம். புதிய பரிசோதனைக்கு மறுபடியும் விண்ணப்பிக்க முடிவு செய்யப்பட்டிருக்கிறது. அதுவரை யாரும் எந்தப் பழுதும் பார்க்க வேண்டாம் என்று..."

வீட்டில் பேசாத மனுஷன் தலைக்கு மேலே பேசிக்கொண்டிருந்தார். குழந்தை திடுக்கிட்டுக் கையை விரித்தது. பில்நாம் எழுந்து தேரை வீட்டின் மூடியைத் திறந்தாள். சமையலறை, கூடம், குளியலறை, குளிரூட்டி என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துத் தேடினாள். அந்தக் குரலுக்கு மட்டும் அங்கே சுவிட்ச் இல்லை. மூடியைச் சாத்தினாள். குழந்தையின் இரண்டு காதுகளையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, தாத்தா பேசி முடிக்கும்வரை நின்றாள்.