பூட்டிய வீட்டில் ராக் அண்ட் ரோல்

போன வருடம் ஜூன் மாதம், மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு முற்பகலில் இது நடந்தது. இடம் மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சந்து. வீடு வீடாகப் போய் பிளாஸ்டிக் கழிவு வாங்குவது என் வேலை. பிறந்து வளர்ந்ததெல்லாம் சுள்ளிக்கல்லில்தான். வீட்டில் தமிழ் பேசினாலும் கைக்கு வருவது மலையாள எழுத்துதான், அதனால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இரண்டு இரண்டு பேராகத்தான் போவோம். என் ஜோடி, கம்பத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்த ஓர் அக்கா. மாதம் ஒரு தடவை, கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை வாங்கி சாக்கில் போட்டு, தள்ளுவண்டியில் ஏற்றி, கதவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை போனில் ஸ்கேன் செய்ய வேண்டும். ஆள் இல்லையென்றால் 'வீடு பூட்டியிருக்கிறது' என்பதைத் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம்.

அந்தச் சந்தில் மரத்தளம் போட்ட மாடி வீடு ஒன்று உண்டு. வீட்டுக்கார சேட்டன் வெலிங்டன் தீவுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கப்பலில் வந்தவர்களிடம் வாங்கிய பழைய இங்கிலீஷ் ரெக்கார்டுகளை அலமாரி நிறைய வைத்திருந்தார். எல்லாம் நான் பிறப்பதற்கு ரொம்ப முன்னால் வந்த ராக் அண்ட் ரோல். டிரம்மும் பியானோவும் சண்டை போட்டுக்கொள்ளும், நடுவில் ஒருத்தர் தொண்டை கிழியக் கத்துவார். எங்கள் குரல் கேட்டதும் சேட்டன் ஒன்றைப் போட்டுவிடுவார். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் தோளில் சாக்கோடு நிற்கும்போதே கால் தானாகத் தட்ட ஆரம்பித்துவிடும்.

"ஏடீ, நீ குப்பை எடுக்க வந்தியா, டான்ஸ் ஆட வந்தியா?" என்று அக்கா கிண்டல் செய்வார். சேட்டனின் மனைவியை நாங்கள் சேச்சி என்று கூப்பிடுவோம். அவருக்கு அந்தப் பாட்டுகளைக் கண்டாலே ஆகாது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பையை நீட்டுவார்.

அந்த ஜூனுக்கு முந்தைய வருடம் சேட்டன் இறந்துபோனார். அதன் பிறகு அந்த வீட்டில் பாட்டுச் சத்தமே கேட்டதில்லை.

அன்று போனபோது முன்கதவில் பூட்டு தொங்கியது. மாடியிலிருந்து பாட்டு வந்துகொண்டிருந்தது. சேட்டன் எப்போதும் போடும் அதே பாட்டு. முடிந்தது. டிக் என்று ஒரு சத்தம். மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

எதிரே சாயாக்கடை வைத்திருப்பவரைக் கேட்டேன். சேச்சி ஆலுவாவில் தங்கை வீட்டுக்குப் போய் ஒரு வாரமாகிறது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "காலையில முதல் பாடிட்டே இருக்கு. ஞான் அந்தப் பக்கம் நோக்கவே இல்ல," என்றார். கடையின் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி வைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "செத்தவரு சாமான்ல செத்தவரு கை வச்சிருக்காரு. வா, போலாம்," என்று வண்டியைத் தள்ளினார். நான் ஒன்றும் பெரிய தைரியசாலி இல்லை. போனை எடுத்து 'வீடு பூட்டியிருக்கிறது' என்பதைத் தட்டினேன்.

மூன்று வீடு தாண்டியிருப்போம், கரண்ட் போனது. பாடிக்கொண்டிருந்த குரல் சட்டென்று நிற்கவில்லை. தடித்து, இழுத்து, கீழே கீழே போய், ஒரு முனகலாகி அடங்கியது. சந்து முழுக்க அமைதி. ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. அப்புறம் அந்த மாடியிலிருந்து, டக்... டக் டக். டக்... டக் டக். பாட்டு நின்ற பிறகும் தாளம் நிற்கவில்லை. சாயாக்கடைக்காரர் கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினோம். அக்காதான் என்னை இழுத்தார் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் முதலில் ஓடியது நான்.

சந்து முனையில் நின்று மூச்சு வாங்கினேன். அங்கேயும் அது லேசாகக் கேட்டது. வேண்டாம் வேண்டாம் என்றாலும் காது அங்கேதான் போனது. அந்தப் பாட்டின் தாளம் எனக்கு மனப்பாடம். இந்தத் தட்டல் அதில் பின்தங்கியது. ஒன்று விட்டுப்போனது. நின்றது. வெகுநேரம் கழித்து, முன்னைவிட மெதுவாக மறுபடி தொடங்கியது.

"அக்கா, பேய்க்கு களைப்பு வருமா?" என்றேன்.

பதிலுக்கு நிற்காமல் அந்த வீட்டுக்கே திரும்பி ஓடினேன்.

பின்பக்கச் சந்து வழியாகப் போனால், சமையலறைக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே ஈரக்குடையும் ஒரு பயணப்பையும். கூப்பிட்டேன், பதில் இல்லை. மாடிப்படி ஒரே இருட்டு. பாதிப்படி ஏறியபோது கரண்ட் வந்தது. அடங்கிப்போன அந்தக் குரல் ஒரு உறுமலாக எழும்பி, நெளிந்து, ஏறி, என் தலைக்கு நேர் மேலே கத்த ஆரம்பித்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பேர் தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். அப்புறம்தான் மிச்சப் படிகளை ஏற முடிந்தது.

சேச்சி தரையில் கிடந்தார். ஒரு கால் விபரீதமாகத் திரும்பியிருந்தது. கையில் ஒரு பவுடர் டப்பா. அதை வைத்துத்தான் பலகையில் தட்டிக்கொண்டிருந்தார். நான் பாட்டை நிறுத்தக் கை நீட்டினேன்.

"நிறுத்தல்லே மோளே," என்றார். நிறுத்தாதே மகளே என்று அழுதுகொண்டே சொன்னார். ஜன்னல் வழியாகக் கத்தி ஆட்களைக் கூப்பிட்டேன், அவர்கள் வரும்வரை பாட்டை நிறுத்தவில்லை.

சாயாக்கடைக்காரரும் அக்காவும் இன்னும் இரண்டு பேருமாக, நாற்காலியில் வைத்துக் கீழே இறக்கினோம். இடுப்பு எலும்பு முறிந்து உள்ளே ரத்தம் கசிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் சேச்சி நடந்ததைச் சொன்னார். விடிகாலை ரயிலில் வந்து பின்கதவு வழியாக நுழைந்திருக்கிறார். வீட்டின் அமைதி தாங்கவில்லை. வாழ்நாளில் முதல் முறையாக, தன் கையால் அந்த ரெக்கார்டைப் போட்டிருக்கிறார். ரெக்கார்டு பிளேயரில் ஒரு கம்பியைத் தூக்கிவிட்டால் பாட்டு திரும்பத் திரும்ப ஓடும் என்று சேட்டன் எப்போதோ காட்டியிருக்கிறார். முப்பது வருடமாக ஆட வா என்று கூப்பிட்ட மனுஷனுக்கு மசியாதவர், யாரும் பார்க்கவில்லை என்று ஒரே ஒரு சுற்று ஆடிப் பார்த்திருக்கிறார். மழையில் வந்த ஈரக்கால் வழுக்கிவிட்டது. கத்திக் கூப்பிட்டது பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை, குரலும் போய்விட்டது.

"போதும், தட்ட வேண்டாம், உறங்கலாம்னு ஓரோ தடவையும் நினைப்பேன். அப்போ பாட்டு பின்னேயும் முதல்லேர்ந்து தொடங்கும். கை சும்மா இருக்காது மோளே," என்று சொல்லிவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தார்.

இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். யார் வந்தாலும் என் கையைப் பிடித்து, "என் உயிரைக் காப்பாற்றினவள் இவள்தான்" என்கிறார். சாயாவும் பழம்பொரியும் தராமல் விடுவதில்லை. நான் தலையைக் குனிந்து தின்றுவிட்டு வருகிறேன். அவர் உயிருக்காகத் தட்டிக்கொண்டிருந்தபோது நான் முதல் ஆளாக ஓடியதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. முகம் தெரியாத உங்களிடம் முதலில் சொல்லிப் பார்த்தால், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் வருமோ என்றுதான் இதை எழுதுகிறேன்.