மூச்சுப்பிடி அக்கா

ஆஸ்பத்திரியில் அவரை மூச்சுப்பிடி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எக்ஸ்ரே அறையில் பதினேழு வருடமாக அவர் அதிகம் சொன்னது, "மூச்ச நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க" என்பதுதான். வீட்டில் சண்டை முற்றினால் கணவர்கூட, "கொஞ்சம் மூச்ச பிடிம்மா" என்பார்.

படம் எடுப்பது அக்கா. படிப்பது எங்கோ வேறொரு நகரத்தில் உட்கார்ந்திருக்கும் டாக்டர். முன்பெல்லாம் கவரோடு பஸ் ஏறிப்போன படம் திரும்பிவர நாலு நாளாகும். இப்போது கம்ப்யூட்டரில் அனுப்பினால் அரைமணியில் பதில். அந்த டாக்டரின் முகத்தை அக்கா பார்த்ததில்லை, குரல் பழக்கம்.

அன்று காலை வரிசை வாசல்வரை நின்றது. இருமலோடு வந்த ஓர் இளம் தாய், மூன்று மாதக் குழந்தையை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள். படம் போனது. பதில் வந்தது: வலது நுரையீரலின் மேல்பகுதியில் நிழல், காசநோயாக இருக்கலாம். சளிப் பரிசோதனை முடியும்வரை குழந்தையைத் தள்ளி வைக்கச் சொன்னார் ட்யூட்டி டாக்டர்.

வராந்தாவில் நாத்தனார் எதிர் பெஞ்சுக்குப் போய்விட்டாள். குழந்தை வீறிட்டது.

"பசிக்குது அண்ணி இதுக்கு."

"தெரியுதுடி. நான் என்ன பண்ணட்டும்?"

தாய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தலைக்குக் குளித்து ஈரம் காயாத தடித்த பின்னல், வலது தோள்வழியாக முன்னால் விழுந்து கிடந்தது.

கதவருகில் நின்று பார்த்த அக்காவுக்குச் சுருக்கென்றது. பின்னலைத் தூக்கிக் கட்டச் சொல்லிவிட்டுத்தான் எப்போதும் படமெடுப்பார். இன்று அவசரத்தில் சொல்லவில்லை. பக்கத்து அறையில் இருக்கும் டாக்டர் என்றால் எட்டிப் பார்த்திருப்பார். தூரத்து டாக்டருக்கு நிழல் மட்டும்தான் போய்ச் சேரும்.

போன் போட்டார். "சார், தப்பு என்னுது. அந்தப் பொண்ணோட பின்னல நான் தூக்கச் சொல்லல. ஈர முடி, படத்துல நிழலா விழும். நீங்க பார்த்தது அதுவா இருக்குமோன்னு..."

அந்தப் பக்கம் மவுஸைச் சொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "எனக்கு வழுக்கைம்மா, முடி ஞாபகம் எப்படி வரும்? உடனே இன்னொண்ணு எடுங்க. நான் எந்திரிக்காம இருக்கேன்."

மறுபடி கூப்பிட்டதும் தாய் கதவருகிலேயே நின்றுவிட்டாள். "இன்னொரு வாட்டி எதுக்குக்கா? முத்திடுச்சா?"

"உனக்கு எதுவும் முத்தல. நான்தான் சொதப்பிட்டேன். தலைய குனி." அக்காவே பின்னலைச் சுருட்டி உச்சியில் கட்டினார். "மூச்ச இழு. பிடி."

பத்தே நிமிடம். நுரையீரல் தெளிவு, நிழல் இல்லை என்று பதில் வந்தது. ட்யூட்டி டாக்டர் இருமலுக்கு மருந்தெழுதி, "போய்க் குழந்தைய வாங்கிக்கம்மா" என்றார்.

நாத்தனார் எழுவதற்குள் தாயே ஓடிப்போய் வாங்கிக்கொண்டாள். அடுத்த ஆளைக் கூப்பிடக் கதவைத் திறந்த அக்கா, அழுகை அடங்கும்வரை யாரையும் கூப்பிடவில்லை.