சம்பங்கி அக்காவின் டோக்கன் பலகை

என் பெரியம்மா மகள் சம்பங்கி அக்கா, தினமும் காலை ரயிலில் கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர். அங்கே ஓர் ஆய்வகத்தில் காட்டு ஈஸ்ட் வளர்க்கிறார். ரொட்டி மாவை உப்ப வைக்கும் அதே ஈஸ்ட்தான். ஆனால் மரப்பட்டைகளில் தானாக வாழ்வது. ஐந்து இடங்களிலிருந்து அக்கா கொண்டுவந்த ஐந்து வகைகளுக்கும் ஏறக்குறைய ஒரே மரபணுக்கள். எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

நான்காவது வகை, எங்கள் தங்கவயலின் மைசூர் மைன்ஸ் சுரங்கத்தில் தங்கம் பிரித்தபின் கொட்டிய சைனைடு மண்மேட்டை ஒட்டிய புங்க மரத்தில் எடுத்தது. நஞ்சே சேர்க்காத வெறும் சர்க்கரைத் தண்ணீரில் வளர்த்தபோதே, உலோக நஞ்சைத் தாங்க உதவும் மரபணு அதில் மட்டும் மற்றவற்றைவிட ஆறு மடங்கு வேலை செய்தது.

ஆய்வாளர் நேத்ரா நம்பவில்லை. “சோதனைக் குழாய் மாறியிருக்கும்க்கா. நாலை விட்டுடலாம்.”

“என் கையில மாறாது மேடம். இதோ, பலகையைப் பாருங்க.”

அக்காவின் அப்பா முனிசாமி சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஷாஃப்ட் என்கிற சுரங்கக் கிணற்றில் இறங்குகிறவர் தன் எண் போட்ட டோக்கனைப் பலகையில் மாட்ட வேண்டும். ஏறி வந்ததும் எடுக்க வேண்டும். அக்காவும் எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் தகர வில்லைகள் வெட்டி வாங்கி எண் போட்டிருந்தார். ஒரு குழாய் குளிர்பெட்டியிலிருந்து வெளியே வந்தால் அதன் வில்லை ஆணியில் ஏறும். அது இறங்காமல் அடுத்த குழாய் வெளியே வராது. ஆணியே ஒன்றுதான்.

“தகரத்தை நம்பி கட்டுரை எழுத முடியாதுக்கா” என்றார் நேத்ரா.

“அப்ப மரத்தையே கேளுங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, வாங்க. மரம் அங்கதான் கீது.”

இதை அக்கா தொலைபேசியில் சொன்னபோது நான் கடல் கடந்து உட்கார்ந்திருந்தேன். அக்கா ஆய்வகத்தில் இருபது வருடம் கட்டிக்காத்த பேர், முடிவு மாறி வந்தால் என்னாகும்? தினமும் போன் போட்டுக் கேட்டேன். “நீ ஏன்டா பயப்படறே, ஈஸ்ட்டே பயப்படல” என்று சிரித்தார் அக்கா.

அந்த ஞாயிறு அக்காவும் நேத்ராவும் அதே மரத்தில் புதிதாகப் பட்டை எடுத்தார்கள். இம்முறை வளர்த்தது, அளந்தது எல்லாம் நேத்ராவே. ஐந்தாம் வாரம் முடிவு வந்தது. அதே ஆறு மடங்கு.

நேத்ரா கட்டுரையின் முதல் பக்கத்தை அக்கா பக்கம் திருப்பிக் காட்டினார். ஆசிரியர் பெயர்களில் இரண்டாவதாக எம். சம்பங்கி. பிறகு அவசரமாக நான்காம் குழாயை எடுக்கப் போனார்.

“மேடம், டோக்கன்?”

நேத்ரா திரும்பி வந்து வில்லையை ஆணியில் மாட்டினார்.