சுரபுன்னைக்குப் போட்ட முடிச்சு

திட்டுக்குப் போகும் நாட்களில் நான் எடுத்துவைப்பவை எப்போதும் ஒரே வரிசைதான்: குடிதண்ணீர், அளவுகோல், கையுறை, கடல்நீர் இறங்கும் வற்றம் எப்போது என்று குறித்த தாள். அன்று புதிதாகச் சேர்ந்தவை சின்னக் கத்திகள்.

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்கு எதிரே, முகத்துவாரத்தின் நடுவில் இருக்கிறது அந்தச் சேற்றுத் திட்டு. பாதுகாக்கப்பட்ட இடம். அழிந்துபோன சுரபுன்னைக் காட்டை மறுபடி கொண்டுவர, வீராம்பட்டினத்து மீனவப் பெண்களோடு சேர்ந்து நட்டோம். சுரபுன்னையின் காய் முருங்கைக்காய் போல நீண்டிருக்கும். நுனியைச் சேற்றில் செருகினால் வேர் பிடிக்கும். முதல் வாரத்திலேயே சிலவற்றை அலை இழுத்துப்போனது. பெண்கள் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் குச்சி ஊன்றி, வலை நூலால் கட்டிவிட்டார்கள். வலைக்குப் போடும் முடிச்சு, நழுவவே நழுவாது. செடிகள் நின்றன. எல்லோருக்கும் சந்தோஷம்.

இரண்டு மழைக்காலம் கழிந்தது. தண்டு பருத்தது, நூல் இளகவில்லை. தோலை அறுத்து உள்ளே இறங்கியிருந்தது. அதை வெட்டத்தான் அன்று போனோம்.

எங்களோடு வந்த ஓர் அக்காவின் கணவர், நடவு தொடங்குவதற்கு முந்தைய வருடம் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. திட்டின் ஓரத்தில் அக்கா நட்ட செடியை அவருடைய வீட்டுக்காரர் என்றே எல்லோரும் சொல்வார்கள்.

"இன்னாடி, உன் ஊட்டுக்காரு புது எல உட்ருப்பாரா?" என்று படகில் அவருடைய ஓரகத்தி கேட்டார்.

"உன் ஊட்டுக்காரு மாரி சோம்பேறியா அவரு? உட்ருப்பாரு."

படகே சிரித்தது.

திட்டில் இறங்கி நூலை வெட்டிக்கொண்டே போனதில், மற்ற செடிகளில் பாதியாவது தேறும் என்று தெரிந்தது. அக்காவின் செடியில் மட்டும் நூல் மூன்று சுற்று. அதற்கு மேலே இலைகள் கருகியிருந்தன. தண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பச்சை இல்லை.

"செத்துட்டுதா?"

"ஆமாங்க்கா."

"நான் இறுக்கிக் கட்னதாலயா?"

"நூல் உள்ள எறங்கிடுச்சுக்கா." அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"தண்ணி இழுத்துக்கினு போயிடுமேன்னுதான் கட்னேன்."

ஓரகத்தி பையிலிருந்து புதுக் காய் ஒன்றை எடுத்து நீட்டினார். அக்கா அதை அதே இடத்தில் செருகினார். கை தானாக இடுப்பில் செருகியிருந்த வலை நூலுக்குப் போய், பாதியில் நின்றது.

"லூசா கட்டட்டுமா?"

"அலையில ஆடி ஆடி அதுவும் அறுக்கும்க்கா."

"கட்டாம உட்டா நிக்குமா?"

"நிக்கலாம். போவவும் செய்யலாம்."

ஓதம் ஏறி, திட்டின் மேல் தண்ணீர் வரத் தொடங்கியது. படகுக்காரர் இன்ஜினைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டார். நாங்கள் ஏறி உட்கார்ந்தோம். அக்கா வரவில்லை. முழங்கால் தண்ணீரில் குனிந்து, அந்தக் காயை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார். படகுக்காரர் மறுபடி கூப்பிடவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டார்.