ரோஸ்லின் டீச்சர் அளந்த உயரம்

என் பெயர் தணிகாசலம். பழவேற்காட்டில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியன். எங்கள் உடற்கல்வி ஆசிரியை ரோஸ்லினை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்ற வியாழனன்று வகுப்பு அட்டவணையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் மாரடைப்பால் காலமானதாக அவருடைய தம்பி தொலைபேசியில் சொன்னார். அன்று முதல் என்னால் நாற்காலியில் நிலைத்து உட்கார முடியவில்லை. எழுந்து மைதானத்தைப் பார்க்கிறேன், திரும்பி வந்து உட்கார்கிறேன், மறுபடி எழுகிறேன். துக்கம் மட்டுமே காரணமன்று. அவர் பாதியில் விட்டுப்போன வேலை ஒன்று இருக்கிறது.

எங்கள் மாணவி யமுனாவுக்குச் சிறார் மூட்டுவாதம். சென்னையில் ஒரு மருத்துவமனையில் சிகிச்சை. அவள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, அவளுடைய தகப்பன் ஏழுமலை திடீரென்று மாத்திரைகளை நிறுத்திவிடப் போவதாகச் சொன்னார். செய்தி கேட்டதும் ரோஸ்லின் என்னையும் இழுத்துக்கொண்டு அவர்கள் வசிக்கும் மீனவர் குடியிருப்பான லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போனார். ஏழுமலையும் ஒரு காலத்தில் அவருடைய மாணவர்.

கரையில் ஏற்றி வைத்திருந்த ஃபைபர் படகைக் காட்டி ஏழுமலை சொன்னார்: “போன வருசம் இந்த விளிம்பு இவ கண்ணுக்கு நேரா இருந்துச்சி டீச்சர். இப்ப தலைக்கு மேல போயிடுச்சி. மாத்திர புள்ளய உள்ள இழுக்குது.”

ரோஸ்லின் குனிந்து படகின் ஓரத்தைப் பார்த்தார். மழைக்காலத்து அலை சுற்றிலும் மணலை அரித்துப் போயிருந்தது. படகு மட்டும் மேட்டில் நின்றது.

“டேய் ஏழுமல, கொறஞ்சது உன் பொண்ணு இல்லடா, உன் மணலு. அளக்குற எடம் நகரக் கூடாது.”

அவள் வயதுக்கு ஏற்ப வளரவில்லை என்பதும் உண்மைதான். மருத்துவர் அதை மறைக்கவில்லை. மாத்திரையில் உள்ள ஸ்டீராய்டு வளர்ச்சியைத் தடுக்கும். அடங்காத நோயும் தடுக்கும். நோய் அடங்க அடங்க அந்த மாத்திரையைப் படிப்படியாகக் குறைப்போம், நீங்களாக நிறுத்தினால் ஆபத்து என்றார். ஏழுமலைக்கோ கண்ணால் பார்த்தாக வேண்டும்.

ஆகவே அந்தத் தை மாதம் ரோஸ்லின் தகப்பனையும் மகளையும் டச்சுக் கல்லறை வாசலுக்கு அழைத்துவந்தார். அங்கே வாசல் கல்தூணில், தரையிலிருந்து உயரத்தில், ஓர் எலும்புக்கூடு செதுக்கப்பட்டிருக்கிறது. அது பாதுகாக்கப்பட்ட சின்னம், கோடு போடுவது குற்றம் என்று நான் தடுத்தேன்.

“கோடு எதுக்கு சார்? கண்ணு இல்ல?” என்றார்.

“பயமா கீது டீச்சர்,” என்றாள் யமுனா.

“இவனுக்கா பயப்படுற? செத்து எத்தினியோ காலமாச்சி, இனிமே ஒரு விரக்கட கூட வளர மாட்டான். நீ வளருவ. ஒட்டி நில்லு.”

அன்று அவள் உச்சந்தலை அந்த உருவத்தின் முழங்காலுக்குக் கீழே இருந்தது. மறு தை மாதம், ஸ்டீராய்டு பெருமளவு குறைக்கப்பட்டிருந்தபோது, முழங்காலைத் தொட்டது. மருத்துவமனை அளவும் அதையே சொன்னது; ஏழுமலை நம்பியது கல்லைத்தான். அங்கேயே உட்கார்ந்து அழுதார். “எழுந்துரிடா, போறவங்க நம்ம வீட்டுச் சாவுன்னு நெனச்சிக்கப் போறாங்க,” என்றார் ரோஸ்லின்.

தைக்குத் தை அளப்பது என்று வைத்திருந்தார்; இந்தத் தை அளவுக்கு முன்பே அவர் போய்விட்டார். அடக்கத்தன்று ஏழுமலை என்னருகே வந்தார். “டீச்சரே போயிட்டாங்க. ஊட்ல எல்லாரும் போதும்ன்றாங்க சார். மாத்திரய நிறுத்திடலாம்னு கீறேன்.” நான் மருத்துவ விதிகளை வரிசையாகச் சொன்னேன். பின்னாலிருந்து யமுனாவின் குரல் வந்தது: “மொதல்ல அள நைனா.”

ரோஸ்லினிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்: அளக்குற எடம் நகரக் கூடாது. திங்கட்கிழமை வரை மாத்திரை நிற்காது என்று ஏழுமலையிடம் உறுதி வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு விடுப்பும் எழுதிக் கொடுத்துவிட்டேன். காலையில் யமுனாவைத் தூணருகே நிறுத்தி, ரோஸ்லின் நின்ற இடத்தில் நின்று பார்ப்பேன். கோடு போட மாட்டேன். கல் என்ன காட்டினாலும், அங்கிருந்தே தகப்பனையும் மகளையும் பொன்னேரிக்குப் பேருந்தில் ஏற்றி, ரயில் பிடித்து, மருத்துவர் முன்னால் கொண்டுபோய் உட்காரவைப்பேன்.