அணைமேல் விரிந்த வெண்சிறகு

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, லென்ஸின் விளிம்பை ஃபிரேமுக்குப் பொருந்தத் தேய்ப்பது அவள் வேலை. கண்ணாடி வாங்க வருகிறவர்கள் ஃபிரேமைப் பார்ப்பார்கள், விலையைப் பார்ப்பார்கள். விளிம்பைப் பார்த்தவர் யாருமில்லை. அதில் அவளுக்கு மனக்குறை ஒன்றும் கிடையாது. சாயங்காலம் வீடு திரும்பி, முகம் கழுவி, சோபாவில் சம்மணம் போட்டுத் துப்பாக்கியை எடுத்தால் அவள் வேறு ஆள்.

எல்லாம் டிவியில் ஓடும் விளையாட்டுத் துப்பாக்கிதான். 'எல்லைக்கோடு' என்ற அந்த விளையாட்டின் முதல் பாகத்தைக் கல்யாணமான புதிதில் அவள் கணவன் வாங்கி வந்தான். நின்ற இடத்திலேயே செத்துச் செத்து விழுந்து, சலித்துப்போய்த் தூக்கிப் போட்டான். அவளும் அவன் தங்கையும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். தங்கை குடியிருந்தது மேல்மாடியில். சலூனில் முடி வெட்டி நிறம் பூசுகிறவள். விளையாட்டில் நாத்தனார் முன்னால் ஓடுவாள், அண்ணி எங்காவது சுவரோரம் பதுங்கிக் குறிபார்ப்பாள். "அண்ணி, இடது பக்கம்" என்று அவள் வாயைத் திறப்பதற்குள் இடது பக்கத்து ஆள் விழுந்திருப்பான்.

இருவருக்கும் இடையே வந்த சண்டையெல்லாம் அதன் விலையைப் பற்றித்தான்.

முதல் பாகம் ஒரே டிஸ்க், ஒரே விலை. உள்ளே இருந்ததெல்லாம் வாங்கியவருக்குச் சொந்தம். இரண்டாம் பாகத்துக்கும் அதே விலைதான், ஆனால் வாங்கி முடித்த பிறகு புதிய போர்க்களங்களுக்குத் தனிக் காசு என்றார்கள்.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு இதத்தான் சொல்லி வச்சாங்க" என்றாள் அண்ணி.

"யானைய வாங்கிட்டு அங்குசத்துக்கு அழுவாங்களா அண்ணி?" என்று சொல்லிக்கொண்டே நாத்தனார் வாங்கிவிட்டாள்.

மூன்றாம் பாகத்தில் பெட்டிகள் வந்தன. காசு கொடுத்தால் மூடிய பெட்டி ஒன்று கிடைக்கும். திறந்தால் தொப்பியும் இருக்கலாம், ஒன்றுக்கும் உதவாத ஒட்டுப்படமும் இருக்கலாம். எல்லாமே வெறும் அலங்காரம். நாத்தனார் ஒரு மழைக்காலம் முழுக்கப் பெட்டி பெட்டியாகத் திறந்து, கடைசியில் அபூர்வமான 'வெண்சிறகு' ஒன்றை அடைந்தாள். முதுகில் மடிந்து கிடக்கும், குதித்தால் விரியும். பறக்கவெல்லாம் முடியாது.

"விளையாட்டுல உன் கை மட்டுந்தான் உனக்குத் தெரியும்" என்றாள் அண்ணி. "உன் முதுக உன்னால பாக்கவே முடியாது. அப்ப ஊரான் பாக்கறதுக்கா இவ்வளவு காசு குடுத்த?"

"சலூனுக்கு வர்றவங்களாலயும் அவங்க பின்னந்தலைய பாக்க முடியாதுதான். இருந்தாலும் வர்றாங்க" என்று மட்டும் சொன்னாள் நாத்தனார். அன்றிலிருந்து அண்ணிக்குக் 'கஞ்சப் பட்டாளம்' என்ற பெயர் நிலைத்தது.

நான்காம் பாகம் இலவசமாகவே வந்தது. நுழையக் காசில்லை, நுழைந்ததும் கடைவீதி. துப்பாக்கியின் வண்ணத்துக்கு விலை, காலணிக்கு விலை, செத்து விழும் விதத்துக்குக்கூட விலை. ஓசி என்றதும் கூட்டமெல்லாம் அங்கே ஓடிவிட, மூன்றாம் பாகத்தின் சர்வர்களை நிறுத்தப்போவதாகக் கம்பெனி அறிவித்தது. இணையத்தில் மட்டுமே ஓடிய விளையாட்டு அது. சர்வர் போனால் சிறகும் போகும்.

'நான் அப்பவே சொன்னேன்' என்பது அண்ணிக்கு வாய்வரை வந்தது. நாத்தனாரின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

கடைசி நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் நாத்தனார் தன் கம்ப்யூட்டரைக் கீழே தூக்கி வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். உள்ளே போனதும் ஓர் அறிவிப்பு: இன்று மட்டும் எல்லாச் சாமான்களும் எல்லாருக்கும் இலவசம்.

அதைப் படித்த அண்ணி நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். மழைக்காலம் முழுக்கத் தவம் கிடந்து பெற்றதை இப்போது போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் வாரி இறைக்கிறார்களே, இவள் கொதித்துப்போவாளே என்று பயந்தாள்.

அணைக்கட்டுப் போர்க்களம் திரையில் விரிந்தது. துப்பாக்கிச் சத்தமே இல்லை. இரு தரப்பாரும் ஒன்றாகக் கலந்து அணையின்மேல் வரிசையாக நின்றிருந்தார்கள். அத்தனை பேர் முதுகிலும் வெண்சிறகு. யாரோ ஒருவன் படீரென்று சுட்டுவிட்டு, 'மன்னிக்கணும், கைப்பழக்கம்' என்று எழுதினான்.

இத்தனை காலமும் சிறகு என்பது பதுங்கிச் சுடும் அண்ணிக்குத் தொலைவில் தெரியும் வெள்ளைப் புள்ளி. இன்றுதான் யாருக்கும் அஞ்சாமல் ஒருவனின் முதுகருகே போய் நின்றாள். ஓர் இறகைப்போல் இன்னொன்று இல்லை. நுனியில் தேய்ந்தவை இருந்தன. அடிவரிசையில் ஒன்று சாம்பல் நிறம். சூரியனை நோக்கி அவன் திரும்பியபோது வெளிச்சம் இறகுக்குள் இறங்கி, நரம்பு நரம்பாய்ச் சிவந்தது. குண்டு பாயும் இடத்தில் எவன் நின்று பார்ப்பான் இதை? ஆனாலும் எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து யாரோ ஒருவர் இப்படி இழைத்திருக்கிறார். அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"அண்ணி" என்றாள் நாத்தனார். குரலில் கோபம் இல்லை. "எல்லாரும் என்னை மாதிரியே இருக்காங்க. நான் எப்படி இருந்தேன்னு இப்பத்தான் பாக்குறேன்."

"நல்லா இருந்திருக்க" என்றாள் அண்ணி.

'குதிப்போமா' என்று யாரோ எழுதினார்கள். அணையின் விளிம்பிலிருந்து எல்லாரும் சேர்ந்து குதித்தார்கள். பக்கத்திலும் மேலேயும் கீழேயும் சிறகுகள் விரிந்தன. வானம் தெரியாத அளவுக்கு வெள்ளை. தண்ணீரைத் தொடுவதற்குள் திரை சாம்பலாகி, இணைப்பு இல்லை என்றது.

அறையிலிருந்து தூக்கக் கலக்கத்தோடு வந்த கணவன், "யாரு ஜெயிச்சா?" என்று கேட்டான்.

"யாரும் சண்டையே போடல" என்றாள் அவள்.

பெட்டிக்குள் ஒளித்து விற்றது அநியாயம்தான் என்று அவள் இன்றும் சொல்வாள்; முதல் பாகத்தின் விலைதான் நாணயமான விலை என்பதிலும் மாற்றமில்லை. ஆனால் அடுத்த வாரம் நான்காம் பாகத்தில் நாத்தனார் திருட்டுத்தனமாய் ஒரு சிவப்பு மேலங்கி வாங்கி மாட்டிக்கொண்டு வந்து, திட்டு விழும் என்று சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றபோது, கஞ்சப் பட்டாளம் துப்பாக்கியைத் தாழ்த்தியது.

"சுவத்த விட்டு வா. அப்படியே திரும்பி நில்லு. பின்னாடி எப்படித் தச்சிருக்கான்னு பாத்துச் சொல்றேன்."