கதவுகள் அடைத்த கோயில்

எங்கள் வீட்டுக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்து சேர்ந்தபோது, மற்ற வெள்ளைக்காரர்கள் எல்லோரும் நாட்டை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. எனக்கு எட்டு வயது இருக்கும்.

பெரியப்பா முற்றத்தில் நின்றுகொண்டு அப்பாவிடம் கேட்டார். “எல்லாவனும் கப்பல் ஏறியாச்சு. இவரு மட்டும் எதுக்கு இங்க வாறாரு?”

“ஏறிப் போகதுக்கு அவருக்கு ஊரு இல்லண்ணே” என்றார் அப்பா.

அவர் வெள்ளைக்காரரும் அல்ல, ஆர்மீனியர். ரங்கூனில் பெரிய கட்டிடங்களுக்கெல்லாம் வரைபடம் போட்டவர். அப்பா அவரிடம் படம் வரையும் வேலை பார்த்தவர். யுத்தத்தில் குண்டு விழுந்து அவர் கட்டியவற்றில் பாதி போயிற்று. இரண்டு பேரும் காட்டு வழியே நடந்து இந்தியாவுக்கு வந்தார்கள். கல்கத்தாவில் தனியே கிடந்தவரைக் கண்பார்வை மங்கியதும் அப்பா போய்க் கூட்டிவந்துவிட்டார். ஆர்மீனியா எங்கே என்று பள்ளிக்கூடத்தில் கேட்டேன். வாத்தியார் உலகப் படத்தில் விரலை வைத்து, கொஞ்சம் நகர்த்தி, பிறகு எடுத்துக்கொண்டார்.

அவருடைய தமிழ் ரங்கூன் கூலிக்காரர்களிடம் கற்றது. அதில் மரியாதைக்கு இடமே கிடையாது. எங்கள் கிறிஸ்தவ சபைப் போதகரையும் “நீ வா, நீ உட்காரு” என்பார். போதகர் அதைப் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம் அரராத் மலை. நோவாவின் பேழை தங்கிய மலையைப் பார்த்து வளர்ந்த மனிதர் என்பதால் ஊரில் அவருக்குத் தனி மதிப்பு இருந்தது. பேழையைக் கண்டதுண்டா என்று பெண்கள் கேட்பார்கள். “கண்டதில்லை. பனி” என்பார்.

எங்கள் சபைக்குப் புதுக் கோயில் கட்டும் பொறுப்பு அவரிடம் போனதும் அந்தப் பேழையின் புண்ணியத்தில்தான். அவர் கல்லால் ஒரு கோயிலை வரைந்தார். நடுவில் கூம்பாக ஒரு கூரை. அதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் சுவரைச் சுற்றிலும் கதவுகள். எல்லாமே வெளிப்பக்கமாகத் திறப்பவை.

கமிட்டியில் பெரியப்பாதான் பெரிய ஆள். “இது கோயிலா, சந்தையா? சுவரை விடக் கதவுல்லா கூடுதலா கெடக்கு.”

“கதவு குறைச்சா நான் வரையாது” என்றார் அவர். படத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். கடைசியில் அப்பாதான் காற்று, வெளிச்சம் என்று ஏதேதோ சொல்லிச் சமாளித்தார்.

வேலை நடந்த காலத்தில்தான் அவர் சிரித்து நான் பார்த்திருக்கிறேன். குடையைப் பிடித்தபடி கல்தச்சர்களோடு வெயிலில் நிற்பார். ஒவ்வொரு கதவையும் மாட்டியதும் என்னைக் கூப்பிடுவார். “நீ தள்ளு.” நான் ஒரு கையால் தள்ளித் திறக்க வேண்டும். கொஞ்சம் இறுகினாலும் ஆசாரி கழற்றி மறுபடியும் இழைத்தாக வேண்டும். வெளிப்பக்கம் எதிலும் தாழ்ப்பாள் வைக்க அவர் விடவில்லை. “பின்ன எப்படிப் பூட்டுகது?” என்று பெரியப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

பூட்டாத கோயிலில் முதலில் குடியேறியவை நாய்கள். சாரல் அடித்துப் பாய்கள் நனைந்தன. அந்த வருடத்து அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த கிடா ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. ஆண்கள் ஒரு கதவில் மறித்தால் அது அடுத்த கதவில் நுழைந்தது. போதகர் ஜெபத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். பெரியப்பா சிரிக்கவில்லை.

டிசம்பரில் அப்பா அவரைக் கண் ஆப்பரேஷனுக்காகத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போனார். அவர்கள் திரும்புவதற்குள் முன்வாசலை மட்டும் விட்டுவிட்டு மற்றக் கதவுகளைக் கழற்றி, செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். முன்வாசலுக்கு வெளியே கனமான தாழ்ப்பாள் ஒன்றும் வந்தது.

அவர்கள் திரும்பிய சாயங்காலம் நாங்கள் பிள்ளைகள் உள்ளே கிறிஸ்துமஸ் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தோம். நடுவில் வெளியே ஓடிவிடுகிறோம் என்று பெரியப்பா தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தார்.

பாதிப் பாட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு அலறல் கேட்டது. எங்களுக்குத் தெரியாத மொழி. செங்கலை யாரோ பிறாண்டும் சத்தம். பாட்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் அப்பா வந்து தாழ்ப்பாளை இழுத்தார். அவரைத் தள்ளிக்கொண்டு அந்தக் கிழவர் உள்ளே வந்தார். ஒரு கண்ணில் கட்டு. விரல்களில் ரத்தமும் சுண்ணாம்பும். எங்களை ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து வெளியே இழுத்து மணலில் உட்காரவைத்தார். பிறகு தலைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். எண்ணி முடித்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து எண்ணினார். விளையாட்டு என்று நினைத்து ஒரு பையன் இடம் மாறி உட்கார்ந்தான். நாங்கள் சிரித்தோம். அவர் அந்தப் பையனைக் கட்டிக்கொண்டு அழுதார்.

“கெழவனுக்கு வட்டு பிடிச்சிட்டு, கேட்டியா?” என்று நெற்றிப்பொட்டில் விரலைச் சுழற்றினார், அப்போதுதான் ஓடிவந்த பெரியப்பா.

அப்பா பெரியப்பாவைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். வாளியைக் கழுவுகிற சாக்கில் நானும் போனேன். “இவரு படிக்கப் போயிருந்தப்போ, அவங்க ஊருல பட்டாளம் வந்து எல்லாரையும் கோயிலுக்குள்ள வச்சு அடைச்சு...” என்று தொடங்கிய அப்பா என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். மீதி எனக்குக் கேட்கவில்லை. “அம்மையுமா?” என்று பெரியப்பா கேட்டது மட்டும் கேட்டது. பிறகு, “இத நீ கமிட்டியில சொல்லியிருக்கலாமேடே.”

“சொல்லப்பிடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாருண்ணே.”

பெரியப்பா சில நாள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. ஆனால் அதற்குள் சுவர் பூசி வெள்ளையும் அடித்தாகிவிட்டது. பண்டிகை நெருங்கிவிட்டது. செங்கலை எடுக்கச் சொல்லி யாரும் பேச்செடுக்கவில்லை, அப்பா உட்பட.

கிழவர் அதற்குப் பிறகு கோயில் பக்கம் போகவில்லை. அம்மா கஞ்சி கொண்டுபோனால் இரண்டு வாய் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். அடுத்த மழைக்காலம் வரை அவர் இருக்கவில்லை. அவரை அடக்கம் செய்யக் கொண்டுபோனபோது அந்த ஒற்றை வாசல் வழியாகத்தான் உள்ளே கொண்டுபோக வேண்டியிருந்தது.

அதற்கு முன்பு ஒரு நாள் மத்தியானம். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பேசவைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவருக்குப் பிடித்த விஷயத்தையே கேட்டேன்.

“உங்க ஊரு கோயிலுக்கு எத்தனை கதவு?”

கட்டிலில் என் பக்கம் திரும்பினார். பிறகு ஒரு விரலைக் காட்டினார்.

எனக்கு ஒரே சந்தோஷம். இதற்காகவா இவர் இத்தனை வருத்தப்படுகிறார் என்று தோன்றியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

“எங்க கோயிலுக்கும் இப்ப ஒண்ணுதான்.”